ஆறே முக்காலுக்கு முனகும் பெட்டி

பெட்டி வந்த மூன்றாம் நாள்தான் அது முனகுவது தெரிந்தது. அதற்கு முன்பும் முனகியிருக்கும். முதல் இரண்டு நாளும் ரசமட்டம் பாட்டை நிறுத்தினால்தானே வேறு ஏதாவது காதில் விழும்.

ரசமட்டம் என்பது தெருக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர். தரைக்கு டைல்ஸ் பதிப்பது அவன் தொழில். தளம் சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற, நடுவில் குமிழி ஓடும் ரசமட்டம் என்ற அந்தக் கருவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிவான். மேஜை கண்ணில் பட்டால் மேஜை மேல் வைப்பான், ஜன்னல் பட்டால் ஜன்னல் மேல் வைப்பான். மனைவியின் பிறந்த வீட்டுக்கு முதன்முதலில் போனபோது, சாப்பாட்டு மேஜை கிழக்குப் பக்கம் அரை நூல் இறங்கியிருக்கிறது என்று மாமனாரிடமே சொல்லி நல்ல பேர் வாங்கியவன் அவன்.

பெரிய வீடு ஒன்றில் ஹால் முழுக்கத் தரை பதித்துக் கொடுத்ததில் வீட்டுக்காரர் உச்சி குளிர்ந்துபோய், தன் பழைய ஹோம் தியேட்டர் செட்டைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். ஐந்து குட்டி ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், அப்புறம் சப்வூஃபர். கறுப்பாக, முழங்கால் உயரத்துக்கு இருந்த அந்தச் சப்வூஃபரை வீட்டில் எல்லோரும் பெட்டி என்றுதான் சொன்னார்கள். பாட்டில் வயிற்றைத் தொடுகிற அந்த 'தொம் தொம்' மட்டும் அதன் வேலை. டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு ஒயர், ஆம்ப்ளிஃபையரிலிருந்து பெட்டிக்கு ஒரு ஒயர். ரசமட்டம் சுவரோரமாக அதை வைத்து, மேலே குமிழியைப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினான்.

பாட்டு நின்ற அந்தக் காலையில்தான் ரசமட்டத்தின் மனைவி, அந்த வீட்டு மருமகளின் காதில் அது விழுந்தது. வாயை மூடிக்கொண்டு யாரோ யோசிப்பதுபோல, உம்ம்ம் என்று ஒரே சுருதியில்.

மருமகளுக்கு ஒரு லேபில் வேலை. ரத்தம் எடுப்பாள், சோதிப்பாள், வருகிற எண்ணை ரிஜிஸ்டரில் எழுதுவாள். காரணம் புரியாத எண் ஒன்று வந்துவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. மறுபடி சோதிப்பாள், கருவியைச் சந்தேகப்படுவாள், கடைசியில் தன்னையே சந்தேகப்படுவாள். லேபில் அவளோடு வேலை செய்கிறவர்கள், இவள் கண்ணில் படாமல் தப்பித்த கிருமி எதுவும் கிடையாது என்று பெருமையாகவும் சொல்வார்கள், பெருமூச்சாகவும் சொல்வார்கள். அப்படிப்பட்டவளின் வீட்டிலே ஒரு பெட்டி காரணமில்லாமல் முனகினால் விடுவாளா.

முதலில் களத்தில் இறங்கியது ரசமட்டம். பெட்டி சாய்ந்திருக்கிறதோ என்று பார்த்தான். சாயவில்லை. தான் பதித்த தரை தன்னை ஏமாற்றாது என்று சொல்லிக்கொண்டே நான்கு மூலைக்கும் ரப்பர் வில்லை வைத்தான். முனகல் நின்றது. ஜெயித்த முகத்தோடு குளிக்கப் போனான். மறுநாள் காலையில் ரப்பர் வில்லை மேல் உட்கார்ந்துகொண்டு பெட்டி சாவகாசமாக முனகியது.

மருமகள் லேபிலிருந்து தேதி போன ரிஜிஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்தாள். தேதி, நேரம், என்ன மாற்றினோம், முனகல் உண்டா இல்லையா என்று கோடு போட்டாள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எது செய்தது என்று தெரியாமல் போய்விடும் என்று புருஷனுக்கு வகுப்பே எடுத்தாள். ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தாள். ஃபேனை, டியூப் லைட்டை, வாஷிங் மெஷினை ஒவ்வொன்றாக அணைத்தாள். முனகலுக்கு இவை எதுவும் ஒரு பொருட்டாக இல்லை. அது பாட்டுக்கு வந்தது, அது பாட்டுக்குப் போனது. மதியம் முழுக்கக் காதை வைத்துக் கேட்டாலும் பேச்சு மூச்சு இருக்காது. காலையில் திடீரென்று பிடித்துக்கொள்ளும்.

ஒரு வாரம் எழுதிய பிறகு நேரத்துக்கான பத்தியை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். ஆறு நாற்பத்தைந்து, ஆறு நாற்பத்தேழு, ஆறு நாற்பத்தைந்து, ஆறு ஐம்பது. எல்லாம் ஏழேகாலுக்குள் அடங்கிவிட்டன. அந்த நேரத்தில் வீட்டில் நடக்கிற காரியம் ஒன்றே ஒன்றுதான். அவளுடைய அத்தை, ரசமட்டத்தின் அம்மா, குளிப்பார்.

ரசமட்டத்துக்கு இது போதாதா. "அம்மா குளிக்கப் போனா பெட்டி பக்கவாத்தியம் வாசிக்குது" என்று தெருவில் நான்கு பேரிடம் சொல்லிவிட்டு வந்தான். அத்தை சிரிக்கவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அத்தைக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இருந்தது. அவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில் கால் மிஷினைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடையாகத் தைத்தே மகனை ஆளாக்கியவர். கண்ணை மூடிக்கொண்டு பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பார். அந்தக் கை மூன்று மாதத்துக்கும் மேலாக அவரைப் பயமுறுத்திக்கொண்டிருந்தது. விரலெல்லாம் விறுவிறுக்கிறது, எறும்பு ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றார். டாக்டரிடம் போனார்கள். நரம்பாக இருக்கலாம் என்றார் அவர். ரத்தத்தை எடுத்தது மருமகளேதான். சர்க்கரை, தைராய்டு, விட்டமின் என்று பக்கம் பக்கமாகச் சோதித்தாள். எல்லாம் தங்கம் போல் இருந்தது. அன்றைக்கு ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல அத்தை, மனசுலதான் இருக்கு" என்று சொன்னதும் அவள்தான்.

எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அத்தை மாத்திரையை விழுங்கினார், தையலைக் குறைத்தார். இழை கோணிப்போனால் பிள்ளைகள் சட்டை பாழாகும் என்று துணி கொண்டுவந்தவர்களையெல்லாம் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிட்டார். மிஷின் மேல் ஒரு போர்வை விழுந்தது. பெட்டி வந்த சமயத்தில் மட்டும், விறுவிறுப்பு இப்போது கொஞ்சம் தேவலை என்றார். மாத்திரை வேலை செய்கிறது என்று மருமகள் சந்தோஷப்பட்டாள்.

இப்போது அவள் கவனமெல்லாம் பெட்டியின் மேல் இருந்தது. அத்தை குளிப்பதற்கும் பெட்டிக்கும் என்ன சம்பந்தம்? ஒருநாள் சாயங்காலம் குளியலறையில் யாரும் இல்லாதபோது ஹீட்டரை மட்டும் போட்டுவிட்டு ஹாலுக்கு ஓடிவந்தாள். உம்ம்ம். அணைத்தாள், நின்றது. போட்டாள், வந்தது. ஆக, அத்தை இல்லை, ஹீட்டர். இது ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்று யோசித்தால் அதற்கும் விடை இருந்தது. ரசமட்டம் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவன். அவளோ, தண்ணீர் சுட்டதும் ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் குழாயைத் திறப்பாள், அவளுடைய அப்பா பழக்கிய பழக்கம் அது. முனகுகிற நேரத்தில் அவள் குளியலறை வாசலில் நின்றிருப்பாள். அத்தை ஒருவர்தான் குளித்து முடிக்கிறவரை ஹீட்டரை ஓடவிட்டுக் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பவர்.

ரசமட்டம் கேட்டுவிட்டு, இதில் என்ன அதிசயம் என்றான். ஹீட்டர் கரண்டை அள்ளிக் குடிக்கிற ஜந்து, அது குடிக்கும்போது பெட்டிக்கு மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மருமகள் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்து முழுச் சூட்டில் வைத்தாள். கூடவே மின்சார அடுப்பையும் போட்டாள். இரண்டும் சேர்ந்தால் ஹீட்டரைவிட அதிகம் குடிக்கும். பெட்டி வாயே திறக்கவில்லை. ரிஜிஸ்டரில், 'கரண்ட் அதிகம் இழுப்பது காரணம் இல்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். ரசமட்டம் அந்த அடிக்கோட்டைப் பார்த்தான். கோடு நேராக இருக்கிறது என்றான்.

வியாழக்கிழமை காலை இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். அத்தை உள்ளே குளித்துக்கொண்டிருக்க, பெட்டி வழக்கம்போல் முனகிக்கொண்டிருந்தது. டிவிக்குப் பின்னால் சொருகியிருந்த கேபிள்காரரின் ஒயரை, தெருக் கம்பத்திலிருந்து வரும் அந்தக் கறுப்பு ஒயரை, சும்மா உருவிப் பார்த்தாள். கத்தரித்ததுபோல் முனகல் நின்றது. ஐந்து நிமிடம் வைத்திருந்து மறுபடி சொருகினாள். உம்ம்ம். அவளுக்குக் கை கொட்டலாம் போல் இருந்தது. ஹீட்டர் குளியலறையில், கேபிள் தெருவில், நடுவில் பெட்டி. மூன்றும் எந்த ஊர்ச் சொந்தம்? எழுதினாள்: 'வியாழன், 6.55, கேபிள் ஒயர் இல்லை, முனகல் இல்லை. ஏன்?' அன்றைக்கு லேபில் ரத்தம் எடுக்கும்போதுகூட அந்த 'ஏன்' தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஆனால் ரசமட்டத்தின் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆடியோ ரிப்பேர் பார்க்கிற ஒருவரை யாரோ சொல்லிப் போனில் பிடித்தான். அந்தப் புண்ணியவான் பெட்டியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், பிளக்கைத் திறந்து உள்ளே இருக்கிற பச்சை ஒயரை எடுத்துவிடுங்கள், முனகல் போய்விடும், நாங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறோம் என்று சொல்லிவிட்டார். ரசமட்டம் பிளக்கைத் திறந்தான். பச்சை ஒயரை உருவினான். நறுக்கென்று வெட்டி, முனையை மடித்து, டேப் சுற்றி, திறந்த சுவடே தெரியாமல் மூடினான். எதையும் சுத்தமாகச் செய்வான், அதில் குறை சொல்ல முடியாது.

ஹீட்டரைப் போட்டுப் பார்த்தார்கள். பெட்டி ஊமையாகிவிட்டது. மூன்று வாரம் நீ எழுதினாய், மூன்று நிமிடத்தில் நான் முடித்தேன் என்று ரசமட்டம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"சத்தம்தாங்க போச்சு. காரணம் எங்கயும் போகல" என்றாள் அவள்.

வாயை அடைத்துவிட்டால் நோயாளிக்குக் குணமாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் முனகல் இல்லாத பெட்டியில் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது. ரிஜிஸ்டரை மூடி அலமாரி மேல் வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குக் குளியலறைக்குள் மக் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. தொடர்ந்து சத்தமே இல்லை. மருமகள் கதவைத் தட்டினாள். சற்று நேரம் கழித்து அத்தை, புடவையை வாரிச் சுற்றிக்கொண்டு, சோப்பு நுரை காதோரத்தில் அப்படியே இருக்க, வெளியே வந்தார். வலது கையை இடது கையால் பிடித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

ரசமட்டம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். மாத்திரை போட்டாயா அம்மா என்று கேட்டான். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். இனி இந்தக் கை உதவாது, மிஷினை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது அழவில்லை. முடிவெடுத்துவிட்டவர் அழுவதில்லை.

மருமகள் பக்கத்தில் வந்து குனிந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பழக்க தோஷம், வந்தது கேள்விதான்.

"அத்தை, விறுவிறுப்பு எங்க ஆரம்பிக்குது?"

"விரல்லதான்."

"அது இல்ல. வீட்ல எங்க இருக்கும்போது?"

அத்தை அவளை விசித்திரமாகப் பார்த்தார். "குளிக்கும்போதுதான். குழாயைத் தொட்டா. இதைத்தானே முதல் நாள்லேருந்து சொல்றேன்?"

உண்மைதான், சொல்லியிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால், குழாயைத் தொட்டால் விறுவிறுக்கிறது என்றுதான் முதலில் சொன்னார். ரசமட்டம் உடனே போய்க் குழாயைப் பிடித்துப் பார்த்தான். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, காய்ந்த கையோடு, ஹீட்டரைப் போடாமல் பிடித்துப் பார்த்துவிட்டு, குழாயில் ஒன்றும் இல்லை, உன் கையில்தான் ஏதோ என்றான். அதிலிருந்து அத்தையும் கை என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார். டாக்டரிடம் கை என்றுதான் சொன்னார். டாக்டர் கையைப் பார்த்தார், மருமகள் ரத்தத்தைப் பார்த்தாள். குழாயை ஒருவரும் பார்க்கவில்லை.

"இன்னைக்கு மாதிரி சுள்ளுனு முன்ன எப்பவாவது அடிச்சிருக்கா?"

அத்தை யோசித்தார். ஆரம்பத்தில் தினமும் கொஞ்சம் உறைக்கத்தான் உறைத்தது, பிறகு மூன்று வாரமாகத் தணிந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு நாள் நன்றாக இழுத்தது. எந்த நாள்? துணி ஊறவைத்த நாள். வியாழக்கிழமை.

மருமகள் அலமாரி மேலிருந்து ரிஜிஸ்டரை எடுத்தாள். வேகவேகமாகப் பக்கத்தைத் திருப்பினாள். வியாழன், 6.55, கேபிள் ஒயர் இல்லை, முனகல் இல்லை. நேற்று, பச்சை ஒயர் இல்லை, முனகல் இல்லை. இன்றைக்கு அத்தை கையில் சுள்ளென்று. மூன்று வாரம் முனகல், மூன்று வாரம் கை தேவலை. பெட்டி முனகினால் அத்தைக்குக் குறைகிறது. பெட்டி வாயை மூடினால் அத்தைக்கு விழுகிறது. இது மாத்திரையும் இல்லை, நரம்பும் இல்லை.

குளியலறைக்குப் போனாள். ஹீட்டர் சுவிட்சின் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்று, ரசமட்டத்தின் பையிலிருந்து எடுத்த டெஸ்டரை நீட்டி, குழாயின் பளபளக்கிற தலையில் வைத்தாள். டெஸ்டருக்குள் சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரிந்தது. ஹீட்டரை அணைத்தாள், விளக்கு செத்தது. மறுபடி போட்டாள், எரிந்தது. ரசமட்டம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்தான். இவர்கள் இத்தனை நாளும் பெட்டியின் மேல் குமிழி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அத்தை தினமும் ஈரக் கையோடு, வெறுங்காலோடு, இந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

மருமகள் போய் மெயினை இறக்கினாள். ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. லேபுக்குப் போன் செய்து இன்றைக்கு வர முடியாது என்றாள்.

ஒன்பது மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தார். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். மருமகள் சொன்னதைக் கேட்டார், ரிஜிஸ்டரையும் வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறியது. ஹீட்டருக்குள் சுடுகிற கம்பி விரிசல் விட்டுக் கரண்ட் கசிகிறது, அது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது என்றார். அப்படிக் கசிவதை வாங்கி மண்ணுக்குள் இறக்கிவிடத்தான் வீட்டில் எர்த் என்று ஒன்று இருக்கிறது, ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிற பச்சை ஒயர் எல்லாம் அதற்காகத்தான். இந்த வீட்டு எர்த் எங்கேயோ அறுந்திருக்கிறது. இறங்க வழி இல்லாத கரண்ட் வழி தேடியிருக்கிறது. பெட்டியின் பச்சை ஒயரில் ஏறி, பெட்டி வழியாக, டிவி வழியாக, கேபிள் ஒயரைப் பிடித்துத் தெருவுக்குப் போயிருக்கிறது. போகிற போக்கில் கேட்ட சத்தம்தான் அந்த முனகல்.

"அந்தப் பெட்டி மட்டும் இல்லேன்னா மொத்தமும் குழாய்லதான் நின்னிருக்கும். நேத்து அதையும் வெட்டிட்டீங்க" என்றார்.



எலக்ட்ரீஷியன் மெயின் போர்டைத் திறந்து, பச்சை ஒயர் சுவருக்குள் இறங்கி வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குப் போவதைக் காட்டினார். எல்லோரும் சந்துக்குப் போனார்கள். அங்கே மண்ணில் அடித்த ஒரு குழாயோ கம்பியோ இருக்க வேண்டும், அதன் தலையில் இந்த ஒயர் கட்டியிருக்க வேண்டும் என்றார் அவர். சந்து முழுக்கச் சாம்பல் நிற டைல்ஸ் பதித்திருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் ரசமட்டம் தன் வீட்டுக்கென்று ஆசை ஆசையாகப் பதித்தது. ஓரம் தப்பாமல், இடுக்கு பிசகாமல், தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கமும் ஓடத் தயங்குகிற தரை. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

"இங்க ஏதாவது கம்பி நீட்டிக்கிட்டு இருந்துதா?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார்.

கேட்டவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ரசமட்டத்தின் முகத்தில் ரத்தம் வற்றுவதை மருமகள் பார்த்தாள். கம்பி இருந்தது. ஒரு சாண் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. தலையில் பச்சையாக ஒரு ஒயர். பழைய ஆன்டெனாவின் மிச்சம் என்று நினைத்தான். டைல்ஸ் சமமாக உட்காராமல் இடைஞ்சலாக இருந்தது. ஒயரை வெட்டி, கம்பியைத் தரையோடு அறுத்து, அதன் மேல் ஒரு முழு டைல்ஸை வைத்தான். குமிழி நட்ட நடுவில் நின்றது.

அவன் உள்ளே போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்து வந்தான். கதவிலிருந்து ஐந்தாவது டைல்ஸ் முன்னால் மண்டியிட்டான். அளந்து பார்க்கவில்லை, இடம் அவனுக்கு மனப்பாடம். முதல் அடியிலேயே டைல்ஸ் நாலாக வெடித்தது. பக்கத்து டைல்ஸும் சேர்ந்து விரிசல் விட்டது. அதைப் பொருட்படுத்தவில்லை, அடித்துக்கொண்டே இருந்தான். சிமெண்டைப் பெயர்த்து மண்ணைத் தோண்ட, அறுத்த கம்பியின் வாய் தெரிந்தது. அவன் அதை எவ்வளவு சுத்தமாக அறுத்திருந்தான் என்பதும் தெரிந்தது.

எலக்ட்ரீஷியன் புதிதாக ஆழமாகக் கம்பி இறக்கி எர்த் கட்டினார். கரண்ட் கசிந்தால் கண் இமைக்கும் முன் தானே விழுந்துவிடுகிற சுவிட்ச் ஒன்றை மெயின் போர்டில் போட்டார். ஹீட்டரைக் கழற்றி வெளியே வைத்தார்கள். பெட்டியின் பிளக்கிலே பச்சை ஒயர் பழையபடி ஏறியது. சாயங்காலம் ஆகிவிட்டது எல்லாம் முடிய. அத்தை குளியலறைக்குள் போய், குழாயை முதலில் ஒரு விரலால் தொட்டார், பிறகு முழுக் கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து முன்னறைக்குப் போனார். மிஷின் மேலிருந்த போர்வையை மடித்து வைத்தார். ஊசியை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரே முயற்சியில் நூலைக் கோத்தார்.

ரசமட்டம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். கை நகமெல்லாம் சிமெண்ட். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், நான்தான் அம்மா வெட்டினேன் என்றான். தெரியாமல் செய்தது என்று அத்தை அவன் தலையைத் தொட்டார். அவனிடம் அவருக்குக் கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. மருமகள் பக்கம் திரும்பினார். மிஷின் மேல் அவள் வைத்துவிட்டு மறந்திருந்த ரிஜிஸ்டரை எடுத்து, தடித்த அந்தப் பக்கங்களை விரலால் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

"பெட்டி முனகுச்சுன்னு மூணு வாரமா நேரம் பார்த்து எழுதியிருக்க. நான் மூணு மாசமா சொன்னேன், ஒரு வரிகூட இதுல இல்லையேம்மா."

குரலில் சூடு இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டதுபோல் இருந்தது. அதுதான் மருமகளைச் சுட்டது. பெட்டியிடம் எப்போது, எங்கே, என்ன மாற்றினால் என்று எத்தனை கேள்வி கேட்டாள். அத்தையிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் ரத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, மனசில்தான் இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். தப்புதான் அத்தை என்றாள். கண் நிறைந்தது. அத்தை ரிஜிஸ்டரை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தைக்க உட்கார்ந்தார்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு ஹால் அமைதியாக இருந்தது. அடுப்பில் காய்ச்சிய வெந்நீரில் அத்தை குளித்துவிட்டு வந்தபோது, மருமகள் லேபுக்குக் கிளம்பத் தயாராகி மேஜை முன் உட்கார்ந்திருந்தாள். ரிஜிஸ்டரில் புதுப் பக்கம். தேதி போட்டு, கோடு போட்டு, மேலே 'அத்தை' என்று எழுதியிருந்தாள்.

"உடம்புக்கு என்னென்ன பண்ணுது, சொல்லுங்க அத்தை. எங்க, எப்போன்னு சேர்த்துச் சொல்லுங்க."

அத்தை ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே அவளைச் சற்று நேரம் பார்த்தார். விளையாட்டுக்குக் கேட்கிறாளா என்று பார்த்தார். பிறகு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நன்றாக உட்கார்ந்தார்.

"இடது முழங்கால். மாடிப்படி ஏறும்போது இல்ல, இறங்கும்போது மட்டும். எழுதிக்கிட்டியா? நிறைய இருக்கு, நீ இன்னைக்கு லேட்டாதான் போவ."

மருமகள் எழுதினாள்.